காசுக் கதையை வேறொருவரிடம் விடாதீர்கள்

போன மாதம் உங்களுக்கு நடந்த உளவளத்துணைப் பயிற்சியில் நாள் முழுக்கக் கதைத்தேன். இழப்பு, துயரம், உயிரை விட நினைப்பவர்களோடு எப்படிக் கதைப்பது என்று எல்லாவற்றையும் கை தூக்கிக் கேட்டீர்கள். காசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீர் வேளையில்தான் ஒரு பிள்ளை கிட்ட வந்து, கள்ளச் சாமான் விற்க வந்தவள்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மிஸ், பீஸ் எவ்வளவு எண்டு வாற ஆக்களிட்ட என்னண்டு சொல்லுறது? எனக்கு வாயே வருகுதில்லை" என்றாள். பக்கத்தில் நின்ற தம்பி, "நான் வட்ஸ்அப்பில அனுப்பி விடுறனான் மிஸ். நேர கதைக்கிறேல்ல" என்று பெருமையாகச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல் வந்த கோபம் இல்லை அது. யார் மேல் என்று இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

உளவளத்துணை என்பது இந்த ஊரில் சும்மா கிடைத்துப் பழகிய சாமான். யுத்தமும் கடலும் அடித்து ஓய்ந்த பிறகு வெள்ளை வாகனங்களில் வந்து, மரத்தடியில் பாய் விரித்து, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்து, "உங்கட கவலையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். நானும் அந்த வாகனங்களில் போனவள்தான். வாகனங்கள் திரும்பிப் போய்விட்டன, கவலைகள் போகவில்லை. பிறகு நாங்கள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்துகொண்டு கட்டணம் என்றதும் சனம் வாயைப் பிளந்தது. "கதைக்கிறதுக்கும் காசோ?" பல்லுப் பிடுங்கக் காசு கொடுப்பார்கள், நூல் கட்டக் கொடுப்பார்கள், அர்ச்சனைக்குக் கொடுப்பார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்பதற்குக் காசு வாங்கினால் மட்டும் நாங்கள் பாவிகள். "காசுக்காரி" என்று என்னைச் சொல்கிறவர்கள் இன்றும் சந்தைப் பக்கம் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

கிண்ணியாவிலிருந்து சீமெந்துக் கடை முதலாளி ஒருவர் வருவார். நித்திரை வராத கரைச்சல். முதல் நாளே கதிரையில் இருந்துகொண்டு, "மிஸ், பத்துத் தரம் வந்தா ஒரு தரம் சும்மா பாக்கிறல்லையா?" என்று கேட்டார். "முதலாளி, பத்து மூட்டை எடுத்தா நீங்கள் ஒண்டு சும்மா குடுப்பீங்களோ?" என்றேன். மனிசன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் காசை எடுத்து வைத்தார். கடைசி வரைக்கும் அவரோடு எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. வெளிப்படையாகப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்து நீங்கள் பயப்படத் தேவையில்லை. காசுக் கதையே எழாத இடத்தில்தான் குடி கெடும். அப்படிக் கெட்ட ஒரு குடியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் தனியே தொழில் தொடங்க முன்னர், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில், ஒரு சின்ன நிலையத்தில் வேலை செய்தேன். கீழே வலைக்கடை. யன்னலைத் திறந்தால் கடற்காற்றோடு நைலோன் மணமும் வரும். அந்த நிலையத்தை நடத்தியவரை நாங்கள் பெரிய மிஸ் என்போம். பெயர் சொல்லப் போவதில்லை. எதிரில் ஒருவர் அழும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குப் பழக்கியவர் அவர். அழுகிறவரின் கையைப் பிடிக்க நான் அவசரப்பட்டால், கதவு சாத்திய பிறகு, "உமக்குத் தாங்க ஏலாமல்தானே பிடிச்சனீர்? அவவுக்காகவோ பிடிச்சனீர்?" என்று கேட்பார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் தந்தது. அதனால்தான் இன்றைக்கும் அவரை மனம் நிறையத் திட்ட முடியாமல் கிடந்து புழுங்குகிறேன்.

அவர் வைத்திருந்த ஒழுங்கு ஒன்று உண்டு. "காசுக் கதை என்ர பாடு. நீர் ஆக்களைப் பாரும்." யார் எவ்வளவு கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதெல்லாம் அவரோடு. அறைக்குள் இருக்கிறவள் காசைப் பற்றி நினைத்தால் காது அடைத்துவிடும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது, ஏன் பொய் சொல்வான்? எனக்கும் வாய் வராத காலம்தான் அது.

அங்கேதான் வதனி வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு வேலை பார்த்தவள். தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்றாள். தாய் இல்லை. ஒரேயொரு அண்ணன் கனடாவில். தகப்பனைத் தூக்கி இருத்துவது, துடைப்பது, ஊட்டுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் இவள் ஒருத்தி. சாப்பாடு இறங்காமல், முகம் காய்ந்து, கூப்பிட்டால் திரும்பாமல் போன நிலையில் மாமி ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

"இதுக்கு எவ்வளவு மிஸ்?" என்று அவள் வாசலிலேயே கேட்டாள். நான் பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன். அவர், "காசைப் பற்றி யோசியாதேங்கோ பிள்ளை. உள்ள போய்க் கதையுங்கோ" என்றார். பிறகு நான் தனியே கேட்டபோது, "கட்டியாச்சு" என்றார். யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை, அது என் பாடு இல்லைதானே. வதனி, பழைய வெள்ளை வாகனக் காலம் மாதிரி யாரோ வெளிநாட்டுக்காரர் தரும் காசில் இது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கைந்து கிழமை ஊர்க்கதை கதைத்தாள். மீன் விலை, மாமியின் வாய், மின்சாரம் நின்ற கதை. ஒரு நாள் கதை நடுவில் நின்றது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"மிஸ், அப்பா செத்துப்போனா நல்லம் எண்டு நினைச்சனான். ஒருக்கா இல்ல. ஒவ்வொரு நாள் விடியவும் அறைக் கதவைத் திறக்கேக்க, மூச்சு நிண்டிருக்குமோ எண்டு பாக்கிறனான். நிக்கேல்ல எண்டா எனக்கு அழுகை வரும். ஏன் வருது எண்டு உங்களுக்கு விளங்குதுதானே? சந்தோசத்தில இல்ல மிஸ்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைத் துருவிப் பார்த்தாள், அருவருப்பு எங்கேயாவது தெரிகிறதா என்று. பிறகு, "அப்பா எண்டா எனக்கு உயிர். பிறகேன் எனக்கு இப்பிடி நினைப்பு வருது? நான் மனிசியே?" என்றாள்.

"களைச்சுப் போன மனிசி" என்றேன். "இந்தக் கதை இந்த அறையைத் தாண்டாது வதனி."

அன்றைக்கு அழுதாளே ஓர் அழுகை, எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அடுத்த கிழமை வந்தவளை எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. தலை வாரி இழுத்து, சட்டை அழுத்தி, சாப்பிட்ட முகத்தோடு வந்திருந்தாள். தகப்பனைப் பார்க்கக் கிழமையில் மூன்று நாள் காலையில் ஓர் ஆளைப் போட்டால், தான் விடுதிக்கு அரை நாள் வேலைக்குப் போகலாம் என்று அவளாகவே யோசித்திருந்தாள். அதை அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று என்னோடு இருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா பாரம் எண்டு நினைச்சிடுவார் மிஸ். அப்பிடி நினைக்க விடாம நானே சொல்லவேணும். என்ர வாயால சொன்னாத்தான் சரிவரும்." வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் எடுக்கும்போது சொல்வதாக முடிவு. அவளுடைய வாழ்க்கையில் அவளே எடுத்த முதல் முடிவு அதுதானோ என்னவோ.

அந்த ஞாயிறு வரவில்லை. அதாவது, அதற்கு முதலே அண்ணன் எங்கள் நிலையத்துக்குப் போன் எடுத்துவிட்டான்.

நான் பெரிய மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் இருந்தேன். தொடர்ந்து வருகிற ஆட்களைப் பற்றிக் கிழமைக்கு ஒருமுறை அவரோடு கதைப்பது வழக்கம். வதனி சொன்னதும் அவருக்குத் தெரியும். அது மேற்பார்வை, அதில் பிழையில்லை. போன் அடித்ததும் கைகள் ஓய்வாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"மிஸ், நான் வதனியின்ர அண்ணா. இனி வாற அஞ்சு மாசத்துக்கும் சேர்த்துக் காசு போட்டனான், கிடைச்சதுதானே?"

எனக்கு அப்போதுதான் தெரியும். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள், கனடாவிலிருந்து எங்கள் மேல்மாடிக்குப் பாயாதா? இந்த ஊரில் வீடு கட்டுவதும் கோயில் தேர் இழுப்பதும் பிள்ளைகள் டியூசன் போவதும் யாரோ ஓர் அண்ணாவின் காசில்தான். அனுப்புகிறவர்தான் போனில் கடைசி வார்த்தை சொல்வார். கணவாய் வாங்குவதா இறால் வாங்குவதா என்பது வரைக்கும் கேட்டுச் செய்கிற வீடுகள் உண்டு. இதுவும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது. தங்கைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வரமாட்டாள் என்று அவன் கேட்டிருக்கிறான். நல்ல மனதோடு பெரிய மிஸ் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"ஓம் தம்பி, கிடைச்சது. சொல்லுங்கோ."

"அவள் என்ன சொல்லுறாள் எண்டு நான் கேக்கேல்ல மிஸ். அதெல்லாம் சொல்லக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். அப்பாவை அவளோட விடலாமோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் இஞ்ச ரெண்டு வேலை செய்யிறன். நித்திரை இல்ல. மாமி ஒண்டு சொல்லுறா, அவள் ஒண்டு சொல்லுறாள். ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

அவன் குரல் உடைந்தது. கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையைப் பலமாக ஆட்டினேன், கையாலும் வேண்டாம் என்றேன். அவர் போன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. பிள்ளை பாவம், நல்லாக் களைச்சுப் போனா. அப்பாவைப் பாக்க ஒரு ஆளைப் போட்டா அவவுக்கு நல்லம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! போனை வைத்ததும் நான் வெடித்தேன். "ஏன் மிஸ் சொன்னனீங்கள்? ஞாயிற்றுக்கிழமை அவவே சொல்ல இருந்தவ."

"நான் என்ன சொன்னனான்? அவவின்ர ரகசியத்தைச் சொன்னனானே? அவ கேக்க இருந்ததைத்தானே கேட்டுக் குடுத்தனான்? அந்தப் பொடியன் அவ்வளவு காசு கட்டிப்போட்டு அழுகிறான். ஒரு சொல்லும் குடுக்காம என்னண்டு வைக்கிறது?"

கேட்டீர்களா? ஒரு சொல்லும் கொடுக்காமல் எப்படி வைப்பது. ஒருவர் அழும்போது அவசரப்பட்டுக் கை பிடிக்காதே என்று எனக்குப் படிப்பித்த அதே வாய். வதனி கட்டியிருந்தால் அந்த வாய் திறந்திராது. வாங்கிய காசு உள்ளே இருந்து அரித்திருக்கிறது, அது அவருக்கே தெரியவில்லை.

வதனி நாள் இல்லாத நாளில் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, கதிரையிலும் இருக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா போன் எடுத்தவர். 'அப்பா உனக்குப் பாரம் எண்டு மிஸ்ஸிட்ட போய்ச் சொன்னனியாம்' எண்டு கேட்டவர். வேற என்ன சொன்னனீங்கள் அவருக்கு?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல வதனி. நீங்கள் சொன்னதை ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்ல."

"அப்ப களைச்சுப் போனன் எண்டு ஆர் சொன்னது?"

பெரிய மிஸ் சொன்னார் என்று சொன்னேன். என்ன சொன்னார் என்பதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"காசு அண்ணாதான் கட்டினவரோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"எனக்குத் தெரியாது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இந்தத் தொழிலில் வேறு எங்கேயும் காணவில்லை. "எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாதோ? என்ர கதைக்கு என்ன விலை எண்டு தெரியாமலே இருந்து கேட்டனீங்களோ?" பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கள் என்ர ஆளோ, அண்ணான்ர ஆளோ மிஸ்?"

"உங்கட ஆள்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் எந்த முகத்தோடு? எவ்வளவு கட்டணம் என்று தெரியாதவள், யார் கட்டியது என்று கேளாதவள் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்? நான் அவளுடைய இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவள் படி இறங்கிப் போனாள். பிறகு வரவில்லை.

இனி உங்களுக்குச் சொல்கிறேன். வருகிறவரிடம் முதல் நாளே, உங்கள் வாயால், முகத்தைப் பார்த்து இவ்வளவு என்று சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் இலக்கத்தை அனுப்பிவிட்டுத் தப்பிக்கொள்ளாதீர்கள். கட்டக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். கட்ட ஏலாவிட்டால் எவ்வளவு ஏலும் என்று கதைத்து முடிவு செய்யுங்கள், நூறு ரூபாயென்றாலும் அவர் கையால் வரட்டும். வேறொருவர் கட்டுகிறார் என்றால், அவருடைய பெயரும் தொகையும் கதிரையில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டும். கட்டுகிறவருக்கு அதற்கு முதல் நாளே சொல்லுங்கள்: இந்தக் காசுக்கு ஒரு சொல்லும் கிடையாது, நல்ல சொல்லும் கிடையாது. நான் தனியாகத் தொழில் செய்த காலமெல்லாம் கனடா, லண்டன், பாரிஸ் அண்ணாமாருக்கு இதைச் சொன்னேன். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். "தடிச்ச மனிசி" என்று மாமியிடம் சொல்லி அனுப்புவார்கள். வருமானம் போனது உண்மைதான். மிச்சமிருந்தவர்கள் என்னோடு இருந்து வாய் திறந்து கதைத்தார்கள்.

வதனிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அண்ணன் வந்தான். தங்கைக்குப் பாரமாக இருக்கிற தகப்பனைத் தங்கையிடம் விடலாமா? யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து, மாதக் காசு கட்டி, வாகனம் பிடித்துக் கொண்டுபோய் விட்டான். வதனி வாகனத்துக்குக் குறுக்கே நின்று கத்தினாளாம், "எனக்கு அப்பா வேணும், நான் பாப்பன்" என்று. "இப்ப ஏன் நடிக்கிறாய்?" என்று மாமி கேட்டாராம். ஒரு பக்கம் விழுந்த மனிதர், மகள் கையைத் தவிர வேறு கையால் விழுங்கிப் பழகாதவர். வாடைக்காற்று தொடங்க முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார். வதனி பக்கத்தில் இல்லை.

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அண்ணன் பெரிய மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று கேட்டான். "நாங்கள் போகக்கூடாது மிஸ்" என்றேன். "வாயால கேட்டுப் போகாட்டி மனிசரே?" என்றார் அவர். எனக்கு வதனியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது. போனேன்.

பந்தலில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அண்ணன் எங்களைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தினான். கண் சிவந்திருந்தது. சுற்றி இருந்த சொந்தக்காரருக்குக் கேட்கும்படி சொன்னான்: "மிஸ், அண்டைக்கு நீங்கள் அந்த ஒரு சொல்லுச் சொல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. அப்பா கடைசிக் காலத்தில நல்ல பராமரிப்பில இருந்தவர். எங்களுக்கு அது போதும். மிச்சக் காசைத் திருப்பித் தாறம் எண்டனீங்கள், அது வேண்டாம். வைச்சிருங்கோ."

பெரிய மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். வதனி சோற்றுப் பாத்திரத்தோடு அவனுக்குப் பின்னால் நின்றாள். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது. வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்து என் இலைக்கு முன்னால் குனிந்தாள். நான் இலைக்கு மேலே கையைப் பிடித்து, "போதும் வதனி" என்றேன். அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு இன்னோர் அகப்பை போட்டாள்.

"வடிவாச் சாப்பிடுங்கோ மிஸ்" என்றாள். "எல்லாம் அண்ணான்ர காசுதான்."